பின் கொடியில் ஓர் அட்டை

எங்கள் அலுவலகத்தில் ஆடி மாதம் ரிலீஸ் கிடையாது. மார்கழியிலும் கிடையாது. தீபாவளிக்கு முன்னால் கடைகளில் கூட்டம் அலைமோதும் நேரத்தில் எவராவது ஃப்ளாப்பியும் கையுமாகப் போய் நின்றால் கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்து துரத்துவார். பங்குனியில் அவர்களுக்குக் கணக்கு முடிக்கும் தலைவலி. ஆக, தி. நகர் துணிக்கடைகளுக்கு பில் போடவும் சரக்கு இருப்பு பார்க்கவும் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்த எங்களுக்கு வருடத்தில் மூன்று வாசல்கள்தான் திறக்கும்: சித்திரை, ஆவணி, தை. இந்த மூன்றில் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்த வாசல் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அலுவலகம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு மாடி போர்ஷன். சுவரில் ஆணி அடித்தால் காலி செய்துவிட வேண்டும் என்று வீட்டுக்காரர் முதலிலேயே சொல்லிவிட்டார். முன்பு குடியிருந்தவர்கள் பின்னறையில் துணி காயப்போட இரண்டு நைலான் கொடிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டி, அப்படியே விட்டுப் போயிருந்தார்கள். எங்கள் சார் அதைப் பார்த்துவிட்டு, "போர்டு எதுக்கு? இதுவே போதும்" என்றார். அன்றிலிருந்து எங்கள் திட்டமெல்லாம் துணி கிளிப்பில் தொங்கியது.

முன் கொடி அடுத்த ரிலீஸ். பின் கொடி அதற்கும் அடுத்தது. ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை. அட்டைக்கும் செலவில்லை, புதுச் சட்டையின் மடிப்புக்குள் வைத்திருப்பார்களே, அதைக் கடைகளிலிருந்து கட்டுக் கட்டாக வாங்கி வைத்திருந்தோம். பெரிய வேலைக்கு முழு அட்டை, சின்ன வேலைக்குப் பாதியாக வெட்டியது. ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. கொடி நிறைந்தால் நிறைந்ததுதான். கடைக்காரர் யாராவது நடுவில் புதிதாக ஒன்று கேட்டால், அவரையே மாடிக்கு அழைத்து வந்து கொடியைக் காட்டி, "இதுல எதை எடுத்துப் பின்னாடி போடட்டும், நீங்களே சொல்லுங்க" என்பார் சார். "தேதி தள்ளாது, அட்டைதான் தள்ளும்." இதை அவர் சொல்லாத வாரம் கிடையாது. இன்னொரு வழக்கமும் வைத்திருந்தார். கடையில் அந்த வேலை ஒழுங்காக ஓடிய பிறகு, அதைச் செய்தவரே தன் கையால் அட்டையைக் கழற்ற வேண்டும். முடிந்த அட்டையை வேறு யாரும் தொடக் கூடாது, அவர் உட்பட.

பல வருடம் கழித்து அமெரிக்காவில் ஒருவர் கோட்டு சூட்டோடு வந்து, கலர் கலராகக் காகிதங்களைச் சுவரில் ஒட்டி, இதையே பெரிய பாடமாக நடத்தினார். கடைசி வரிசையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். எங்கள் கொடியில் காற்றாவது வரும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு முழு அட்டைகள் கிடைத்தன. கல்யாணப் பத்திரிகை கொடுத்த அன்றோடு அது போயிற்று. மாப்பிள்ளை அமெரிக்காவில் வேலை பார்க்கிறார் என்று தெரிந்ததும் சார் வாழ்த்துச் சொன்னார், இனிப்பு எடுத்துக்கொண்டார், கொடியிலிருந்த என் முழு அட்டையைக் கழற்றி வேறொருவர் பக்கம் மாட்டினார். எல்லாம் ஒரே மூச்சில்.

"நீ எப்ப வேணாலும் கிளம்பிடுவம்மா. பாதியில விட்டுட்டுப் போனா யார் எடுத்து முடிக்கறது?" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். தப்பாக இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

வைகாசியில் கல்யாணம். ஆனி முடிவதற்குள் என் கணவர் விமானம் ஏறிவிட்டார். "ஆடிக்குப் பொண்ணையும் மாப்பிள்ளையையும் பிரிச்சு வெக்கற வேலை நமக்கு மிச்சம்" என்று மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆவணியில் விசா வந்துவிடும் என்றார்கள். நடுவில் அவர் கம்பெனி மாறினார், காகிதங்களெல்லாம் மறுபடியும் முதலிலிருந்து. ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வரும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, "மத்தவாளுக்கு ஒரு மாசம் ஆடி. நமக்கு வருஷம் முழுக்க ஆடிதான்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். போனை வைத்த பிறகு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

கல்யாணமாகிச் சில வாரங்களே கூட இருந்த ஒருவருக்காக இப்படி ஏங்க முடியுமா என்று யாராவது கேட்டால், முடியும். அவர் தலை துவட்டிய துண்டு எங்கள் வீட்டில் இருந்தது. வேறு யாரும் அதைத் தொட விடமாட்டேன்.

ஆனால் இன்னொரு ஏக்கமும் கூடவே இருந்தது. அதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். எனக்கு ஒரு முழு அட்டை வேண்டும். எல்லோரும் பின் கொடியைப் பார்த்து, "இதை ஆவணிக்கு நான் எடுத்துக்கறேன்", "அது தைக்கு எனக்கு" என்று பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சு வரும்போது ஒருவர் முகமும் என் பக்கம் திரும்பாது. எனக்கென்று முன் கொடியில் அரை அட்டைகள்: பில்லில் தேதி வரும் இடத்தை மாற்று, கடையின் புது விலாசத்தைப் போடு. பின் கொடியில் நான் இல்லவே இல்லை. இங்கேயும் கணக்கில் இல்லை, அங்கேயும் போய்ச் சேரவில்லை.

நான் ஆசைப்பட்ட அட்டை எது என்பதும் எனக்குத் தெரியும். அதற்கு மாற்று பில் என்று பெயர். ரொம்ப நாளாகப் பின் கொடியிலேயே காற்று வாங்கிக்கொண்டிருந்தது.

அதைக் கேட்டவர் தி. நகரில் குழந்தைகள் துணிக்கடை வைத்திருந்த ஒரு பாய். குழந்தைத் துணி வாங்க வருகிறவர்கள் குழந்தையை அழைத்து வருவதில்லை. "இவ்ளோ உயரம் இருப்பா" என்று இடுப்புக்குப் பக்கத்தில் கையை வைத்துக் காட்டி வாங்கிப் போவார்கள். மறுநாள் சின்னதாகிவிட்டது என்று திரும்பி வருவார்கள். எங்கள் மென்பொருளில் மாற்றிக் கொடுக்க வழி இல்லை. பழைய பில்லை ரத்து செய்ய பாய் வந்து ரகசியக் குறி அடிக்க வேண்டும், துணியை இருப்பில் ஏற்ற வேண்டும், புது பில் போட வேண்டும். ஒருநாள் அங்கே நான் நின்றிருந்தபோது, கையில் ஒரு பாவாடையோடு வரிசையில் நின்ற ஒரு பெண் நின்று நின்று சலித்துப்போய், "வுடுப்பா, இன்னா இவ்ளோ நேரம்? இதையே எப்படியாவது போட்டுக்கினு போறா" என்று அந்தச் சின்னப் பாவாடையையே பைக்குள் திணித்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அவமானமாக இருந்தது. நாங்கள் எழுதிக் கொடுத்த மென்பொருள் ஓடிய பெட்டி அது.

அடுத்த வருடத் தீபாவளியும் போயிற்று. விசா வரவில்லை. தை ரிலீஸுக்காகக் கொடியை நிரப்ப உட்கார்ந்தோம். மேஜையில் தினசரி நாட்காட்டி. சார் தாளைப் புரட்டிப் புரட்டி, எது கரிநாள், எது அஷ்டமி என்று பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தார். பொங்கல் முடிந்து கடைகள் திறந்ததும் ஒரு நல்ல நாள் அமைந்தது. எல்லோருக்கும் திருப்தி. நான் எழுந்து போய்ப் பின் கொடியிலிருந்து மாற்று பில் அட்டையைக் கழற்றி, முன் கொடியின் நடுவில் மாட்டினேன்.

"விசா?" என்றார் சார்.

"வந்தாலும் தை ரிலீஸ் முடிச்சுட்டுத்தான் போவேன் சார்."

"வீட்டுக்காரர் ஒத்துக்குவாரா?"

"அதை நான் பாத்துக்கறேன்."

அட்டை கோணலாக இருந்தது போலும், சார் எழுந்து வந்து கிளிப்பை நகர்த்தி நேராக்கினார். அவ்வளவுதான். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

விசா என்பது நாம் கேட்கும்போது வராது. கார்த்திகையில் வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை போனில் அவர் குரல் துள்ளியது. மார்கழி பிறப்பதற்குள் டிக்கெட் போட்டுவிடலாம் என்றார். நான் பொங்கல் கழித்து வருகிறேன் என்றேன்.

"ஒரு அட்டைக்காகவா?" என்றார்.

கோபமில்லை. ஆனால் அந்தக் குரல் இன்றும் காதில் இருக்கிறது. தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடும் மனிதரின் குரல். விளக்கிச் சொல்ல முயன்றேன். பாவாடை, வரிசை, பெட்டி என்று ஏதேதோ உளறினேன். நடுவில் அவர், "சரி. பொங்கல் சாப்பிட்டுட்டு வா. ஆனா அதுக்கு மேல ஒரு நாள் கூட என்னால முடியாது" என்றார். டிக்கெட் போடப்பட்டது. ரிலீஸ் தேதிக்கு ஒரு வாரம் கழித்துப் பயணம்.

அந்த மார்கழி மாதிரி ஒரு மாதம் எனக்கு அதற்கப்புறம் வாய்க்கவில்லை. மயிலாப்பூரில் ஊரே கச்சேரி கேட்கப் போய்க்கொண்டிருந்தது. நான் மாற்று பில் எழுதிக்கொண்டிருந்தேன். "பொட்டி கட்டிண்டிருக்க வேண்டிய பொண்ணு, ஆபீஸ் ஆபீஸ்னு ஓடிண்டிருக்கியே" என்று அம்மா பின்னாலேயே வந்து புலம்புவாள். ஊறுகாய் போட்டாள், பொடி இடித்தாள், ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கினாள். எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. பழைய பில் எண்ணை அடித்தால் துணியெல்லாம் திரையில் வந்து நிற்கும், மாற்ற வேண்டியதைத் தொட்டால் போதும், வித்தியாசம் மட்டும் பில்லாக வரும். பாய் கல்லாவை விட்டு எழுந்திருக்கவே வேண்டாம். நன்றாக வந்திருந்தது. என் வாயால் நானே சொல்கிறேன், ரொம்ப நன்றாக வந்திருந்தது.

மார்கழியின் கடைசி வாரத்தில் பாயிடம் நாளை உறுதி செய்யப் போனோம். என்னோடு வந்தவர், கடை கடையாகப் போய் எங்கள் மென்பொருளை ஏற்றிக் கொடுக்கும் சக ஊழியர். மந்தைவெளிக்காரர், என்னை வேண்டுமென்றே "மேடம்" என்று நீட்டிக் கூப்பிடுவார். பாய் எங்களை உட்கார வைத்து டீ வரவழைத்தார். இரண்டு டீ வந்தது.

"இன்னா பாய், உங்களுக்கு?" என்றார் இவர்.

"நோம்புப்பா" என்றார் பாய் சாதாரணமாக.

டீயைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். கடையைச் சுற்றிப் பார்த்தேன். அதுவரை பார்க்கவில்லை. அட்டைப் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. ஜரிகை வைத்த சின்னச் சின்ன உடைகள் கயிற்றில் தொங்கின. பொங்கலுக்கு அப்புறம் ஓய்வாக இருப்பார்கள் என்று நாங்கள் கணக்குப் போட்ட கடையில், வருடத்தின் பெரிய கூட்டம் இனிமேல்தான் வரப்போகிறது.

நான் தேதியைச் சொன்னேன். சொல்லும்போதே பதில் தெரிந்துவிட்டது.

"நோம்பு நேரத்துல புதுசா எதையும் கல்லாவுல வைக்க முடியாதும்மா. ஏதாவது நின்னு போச்சுன்னா என்னால ஜனங்களுக்குப் பதில் சொல்ல முடியாது. பெருநாள் முடியட்டும். அடுத்த நாளே வச்சுக்கலாம்" என்றார். ரொம்ப அன்பாகச் சொன்னார். அதனால் இன்னும் வலித்தது.

வெளியே வந்ததும் இவர், "நாட்காட்டில போட்டுத்தானே கீது மேடம், நாம எவனும் பாக்கவே இல்லியே" என்றார். உண்மைதான். கரிநாள் பார்த்தோம், அஷ்டமி நவமி பார்த்தோம். அதே தாளில் கீழே ரம்ஜான் நோன்பு என்று அச்சடித்திருந்தது. எங்கள் மாடியில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. கேட்டவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் ஒரு மாதம் இருக்கிறது என்பது மட்டும் தோன்றவில்லை.

பெருநாள் என் பயணத்துக்கு அப்புறம் வந்தது.

சாரிடம் கெஞ்சினேன். வேறு ஏதாவது கடையில் முதலில் போட்டுப் பார்க்கலாம் என்றேன். "கேட்டவர் கடையில ஓடாம வேற எங்கேயும் போடறதில்லம்மா. உனக்கே தெரியும்" என்றார். தெரியும். தேதியைக் கொஞ்சம் தள்ளலாமே என்றேன். மற்ற கடைகள் காத்திருந்தன. தேதி தள்ளாது. அட்டைதான் தள்ளும். அவர் வாயால் சொல்ல வேண்டாம் என்று நானே பின்னறைக்குப் போனேன். முன் கொடியிலிருந்து என் முழு அட்டையை எடுத்துப் பின் கொடியில் மாட்டினேன். கிளிப் ஒருமுறை கீழே விழுந்தது. பின் கொடியில் இடம் வேண்டும் என்று எத்தனை நாள் ஏங்கியிருப்பேன். இப்போது என் அட்டை அங்கே போயிற்று. நான்தான் இருக்கப் போவதில்லை.

பயணத்தை மறுபடியும் தள்ளிப் போட முடியுமா என்று கணவரிடம் நான் கேட்கவில்லை. அந்த "ஒரு அட்டைக்காகவா?" என்ற குரலை இரண்டாம் தடவை கேட்க எனக்குத் தெம்பில்லை. அதோடு, அவரைப் பார்க்க வேண்டும் என்றும் இருந்தது. அட்டையை முடிக்கவும் ஆசை, அவரிடம் போகவும் ஆசை. அதை யாரிடம் போய்ச் சொல்ல?

கிளம்பும் முன் மந்தைவெளிக்காரர், "பெருநாள் முடிஞ்சதும் பாய் கடைல மட்டும் மொதல்ல ஏத்தச் சொல்லிட்டாரு சார், அன்னிக்குப் போன் போட்றேன் மேடம். சும்மா அங்க போயி மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு இருக்காதீங்க" என்றார். நான் நம்பவில்லை. விமான நிலையத்தில் அம்மா அழுதாள். நான் அழாமல் போனதை அவள் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருப்பாள்.

அமெரிக்காவில் என் கணவர் என்னை அப்படித் தாங்கினார். அதையும் சொல்ல வேண்டும். நான் வருவதற்காகப் புதிதாக இரண்டு தட்டு, இரண்டு டம்ளர் வாங்கி வைத்திருந்தார். அலுவலகம் விட்டு ஓட்டமாக வீட்டுக்கு வருவார். பகல் முழுவதும் நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன். அந்த ஊர் மழைக்குச் சத்தமே கிடையாது. என் விசாவில் வேலை பார்க்க அனுமதியில்லை. ஊரில் இப்போது என்ன மணி, கடை திறந்திருக்குமா என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பேன்.

ஒருநாள் இரவு சாப்பிட்டுவிட்டு இரண்டு புதுத் தட்டுகளையும் கழுவிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அவர் எடுத்து, புருவத்தைத் தூக்கி என்னிடம் நீட்டினார்.

"இன்னா மேடம், கேக்குதா? பாய் கடைல கீறேன். பாய் போன்லதான் பேசறேன், அவரே பேசச் சொன்னாரு. மொத மாத்து பில்லு இப்பத்தான் போடப் போறோம். லைன்லயே இருங்க."

ரிசீவரை எங்கோ வைக்கும் சத்தம். ரங்கநாதன் தெரு இரைச்சலெல்லாம் ஒரு கம்பி வழியாக என் சமையலறைக்குள் வந்தது. பெருநாளுக்கு எடுத்த சட்டை, கை ஏறவே இல்லை என்று ஒரு பெண் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். விசைகள் தட்டும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. எங்கே தப்பு, எந்த வரியில் தப்பு என்று மனம் ஓடியது. அப்போது பிரிண்டர் கிளம்பியது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் அந்தக் கீச்சுக் குரல், போய்த் திரும்பி, போய்த் திரும்பி. காகிதத்தைக் கிழிக்கும் சத்தம்.

"அவ்ளோதானா? முடிஞ்சுதா?" என்றாள் அந்தப் பெண்.

"முடிஞ்சுதும்மா" என்றார் பாய்.

மந்தைவெளிக்காரர் மறுபடி ரிசீவரை எடுத்தார். "கேட்டீங்களா? சூப்பரா ஓடுது. மேடம், சார் கேக்கச் சொன்னாரு. உங்க அட்டை பின்னாடிக் கொடிலயே தொங்கிக்கினு கீது. நீங்கதான கழட்டணும், அதான் யாரும் கை வைக்கல. இன்னா பண்றது?"

தொலைபேசிக் கட்டணம் பாய் தலையில் ஏறிக்கொண்டிருந்தது.

"இருக்கட்டும்" என்றேன். "நான் வந்து கழட்டிக்கறேன்."

"சரி மேடம்" என்றார். எப்போது என்று அவர் கேட்கவில்லை.

லைன் போன பிறகும் ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அவர் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, என் ஈரக் கையைத் தன் சட்டையிலேயே துடைத்துவிட்டார்.

"நமக்கு ஆடி முடிஞ்சுடுத்துன்னு நெனச்சேனே" என்றார் மெதுவாக.

"முடிஞ்சுடுத்து" என்றேன். அவர் தோளில் சாய்ந்து, எந்தக் குழாயையும் திறந்துவிடாமல் அழுதேன்.